கண்ணுக்குத் தெரியாத திருகாணி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றியோ ஒழுக்கத்தின் மேன்மையைப் பற்றியோ பேசுவது வழக்கம். நானும் அப்படி ஒன்றை எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் போன வாரம் தலைமையாசிரியர் அவர்கள், "ஐயா, அதெல்லாம் நாங்க வருஷம் பூராவும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க வீட்டுல உக்காந்து கட்டுறீங்களே ஹெலிகாப்டர், அதைக் கொண்டாந்து காட்டுங்க. புள்ளைங்க காது கொடுத்துக் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே எழுதியதை வீட்டிலேயே வைத்துவிட்டு, இதைக் கையோடு எடுத்து வந்திருக்கிறேன்.

முன் வரிசையில் இருக்கும் தம்பிமார்களின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. "இதைப் பறக்க விடுவாரா, மாட்டாரா?" என்பதுதான் கேள்வி. இப்போதே சொல்லிவிடுகிறேன், இங்கே பறக்க விடமாட்டேன். ஏன் மாட்டேன் என்பதுதான் என் உரை.

இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீட்டில் மேலே பறந்து படம் எடுக்கிறதே, நான்கு விசிறி வைத்த டிரோன், அதுவும் இதுவும் ஒன்றல்ல. டிரோனின் விசிறிகள் தண்டோடு அசையாமல் பொருத்தப்பட்டவை. எந்த விசிறி வேகமாகச் சுற்றுகிறது, எது மெதுவாகச் சுற்றுகிறது என்பதை மாற்றி மாற்றி அது திரும்புகிறது. ஹெலிகாப்டரின் இறக்கைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் இறக்கையும் தன் சாய்வை மாற்றிக்கொள்ளும். இறக்கைகளைத் தாங்கி, அவற்றைச் சாய்க்கவும் செய்கிற இந்தப் பகுதிக்கு ரோட்டர் தலை என்று பெயர். தலைக்குக் கீழே இருக்கும் இந்தப் பெரிய பற்சக்கரம் மோட்டாரின் பலத்தை வாங்கித் தண்டுக்குக் கொடுக்கிறது. இந்தத் தலையும் இந்தப் பற்சக்கரமும் சரியாக இருந்தால் இது ஹெலிகாப்டர். இல்லையென்றால் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு கணக்குப் போடுங்கள். மோட்டாரின் முனையில் இருக்கும் சின்னப் பற்சக்கரத்துக்கு 11 பல். பெரிய சக்கரத்துக்கு 150 பல். சின்னது எத்தனை முறை சுற்றினால் பெரியது ஒரு முறை சுற்றும்? 150-ஐ 11-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பதின்மூன்றரை வரும். மோட்டார் நிமிடத்துக்கு 38,000 சுற்றுச் சுற்றினால், இறக்கை 2,800 சுற்றுச் சுற்றும். வேகம் குறைகிறதே, நஷ்டம்தானே என்று கேட்கலாம். நஷ்டமில்லை. வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறோம். ஆயர் ஈத்தாம் ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கிறவர் கியரை மாற்றுகிறாரே, காலுக்கு வேலை கூடும், சக்கரம் மெதுவாகப் போகும், ஆனால் மேடு ஏறிவிடும். இங்கே நடப்பதும் அதுதான்.

கணக்கு இன்னும் முடியவில்லை. இந்த இறக்கைகள் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 70 சென்டிமீட்டர். ஒரு சுற்றில் நுனி ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால், நுனியின் வேகம் மணிக்கு 360 கிலோமீட்டருக்கும் மேல். ஓர் இறக்கையின் எடை 30 கிராம்தான். ஆனால் கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றினால் கையை வெளியே இழுக்கும் அல்லவா? அதுபோல இந்த 30 கிராம் இறக்கை சுழலும்போது வெளியே இழுக்கிற இழுப்பு ஏறக்குறைய ஐம்பது கிலோ எடைக்குச் சமம். இந்தப் பக்கம் ஓர் அரிசி மூட்டை, அந்தப் பக்கம் ஓர் அரிசி மூட்டை. இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பது எது தெரியுமா? உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சின்னத் திருகாணி. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

இந்தத் திருகாணி எனக்குக் கொடுத்த பாடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக இப்படி ஒரு ஹெலிகாப்டர் வாங்கினேன். பெட்டியைத் திறந்தால், சட்டம், வால், சக்கரம் எல்லாம் தனித்தனிப் பொட்டலம். ரோட்டர் தலை மட்டும் முழுதாகக் கட்டியே இருந்தது. பளபளவென்று, கையில் வைத்தால் இறக்கி வைக்க மனம் வராத அழகு. "கஷ்டமான வேலையை அவங்களே முடிச்சுட்டாங்க, நல்லதாப் போச்சு" என்று எடுத்து அப்படியே தண்டில் மாட்டிவிட்டேன்.

அந்த வேலை முடிந்திருக்கவில்லை. பாகங்கள் தொலையாமல் இருக்கவும், எது எதற்குப் பக்கத்தில் வரும் என்று காட்டவும் தற்காலிகமாகக் கோத்து அனுப்பியிருந்தார்கள். வாங்கியவர் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, திருகாணிகளுக்குப் பசையிட்டு, மறுபடியும் கட்ட வேண்டும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. நான் படங்களைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் படிக்கவில்லை. ஆகவே குறை செய்தவர்களுடையது அல்ல, விற்றவர்களுடையதும் அல்ல. முழுக்க முழுக்க என்னுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கரையில் அனுமதி பெற்ற ஒரு திடல். என் தங்கை மகனும் கூட வந்திருந்தான். அப்போது அவன் ஐந்தாம் ஆண்டு. முதல் இரண்டு தடவை நன்றாகவே எழும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் தடவை எழுப்பும் முன், "மாமா, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவன் காருக்குப் போனான். இடுப்பு உயரம் எழும்பியிருக்கும். 'டப்' என்று ஒரு சத்தம். ஹெலிகாப்டர் கவிழ்ந்து தரையில் துள்ளித் துள்ளி அடித்து நொறுங்கியது. ஓர் இறக்கையைக் காணவில்லை.

தேடிப் பார்த்தோம். திடலின் ஓரத்தில் வாழைமரங்கள். அதில் ஒன்றின் தண்டில் அந்த இறக்கை பாதிக்குமேல் இறங்கி நின்றது. என் மார்பு உயரம். அது போன வழியை மனத்தால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு முன் பையன் நின்றிருந்த இடம் அந்தக் கோட்டில்தான் இருந்தது.

வீடு திரும்பும்வரை நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. என் தங்கையிடம் அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. இன்று அவள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். இந்தக் கதையைச் சொல்ல அவளிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் மேடை ஏறினேன்.

இது மிகைப்படுத்திய பயம் அல்ல. 2013-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துப் பூங்கா ஒன்றில், நன்றாகப் பழகிய 19 வயது இளைஞர் ஒருவர் தான் ஓட்டிய மாதிரி ஹெலிகாப்டரின் இறக்கை பட்டே உயிரிழந்தார். ஆகவே தம்பிமார்களே, இதை இங்கே ஏன் பறக்கவிட மாட்டேன் என்பது இப்போது புரிந்திருக்கும். கூட்டம் இருக்கும் இடத்தில் கூடாது. பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இருக்கிற தீவு இது. கண்ட இடத்தில் பறக்கவிடச் சட்டமும் இடம் கொடுக்காது.

நொறுங்கியதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். இனி இது வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதன் பிறகு ஒரு நாள், என் மனைவியின் தோட்டுத் திருகாணி ஒன்று மரை தேய்ந்துவிட்டது என்று பினாங்கு ஸ்திரீட்டுக்குப் போனேன். நம் லிட்டில் இந்தியாவில், ஒரு பக்கம் பூக்கடை, ஒரு பக்கம் பாட்டுச் சத்தம், நடுவில் ஒரு சின்ன மேசையைப் போட்டுக்கொண்டு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒரு வயதான பத்தர். திருகாணியை வாங்கினார். முதலில் துணியால் மரையைத் துடைத்தார். ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்றுப் பின்னே என்று திருகி, விரல் நுனியால் ஏதோ கேட்பது போலத் தலையைச் சாய்த்தார். இவ்வளவுக்கும் அது ஓர் அரிசி அளவுதான் இருக்கும்.

"ஏன் பத்தரே, இந்தச் சின்ன சாமானுக்கு இவ்வளவு நேரமா?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. "தம்பி, தோடு தொலைஞ்சுபோச்சுன்னு அழுதுக்கிட்டு இங்க எத்தனையோ பொம்பளைங்க வந்திருக்காங்க. கல்லு மோசம்னு ஒருத்தரும் வந்ததில்ல. திருகாணி கழண்டுதான் வந்தாங்க. கல்லை ஊரே பாக்கும். திருகாணிய யாரு பாப்பா? செஞ்சவன் பாக்கணும், போடுறவங்க பாக்கணும். வேற நாதி கிடையாது" என்றார்.

ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் 'மரை கழண்டுபோச்சு' என்று சொல்வோம் அல்லவா? அன்றைக்கு ஹெலிகாப்டரில் கழன்றது ஒரு மரை. அதற்கு முன்பே கழன்றிருந்தது என்னுடைய மரை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பையனையும் கூப்பிட்டேன். "பயமா இருக்காடா?" என்றேன். "இருக்கு மாமா. ஆனா ஏன் கழண்டுச்சுன்னு பாக்கணும்" என்றான்.

மாணவச் செல்வங்களே, நாங்கள் எப்படிக் கட்டினோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி விரித்தோம். கடுகு போன்ற உருண்டைகள் உருண்டு ஓடினாலும் வெள்ளையில் தெரியும். கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்கினோம். ஒவ்வொரு படியையும் பையன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது, துடைப்பது. திருகாணிகள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வருகின்றன. எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒவ்வொரு மரையையும் துடைத்தோம். பத்தர் செய்த முதல் வேலையும் அதுதானே!

மூன்றாவது, தலையின் நடுக்கட்டை. அதில் ஒரு குறுக்குத் தண்டு நுழைகிறது. தண்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் வளையம். இறக்கைகளின் அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். தண்டை ஒரு கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தோம். மயிரிழை வளைந்திருந்தாலும் ஆடும். பழைய தண்டு ஆடியது. எறிந்துவிட்டுப் புதியது போட்டோம். வளைந்ததை நிமிர்த்திப் போடலாமே என்று கேட்கக் கூடாது. நிமிர்த்திய தண்டு உள்ளே பலவீனப்பட்டிருக்கும்.

நான்காவது, இறக்கைப் பிடிகள். ஒவ்வொரு பிடிக்குள்ளும் சாதாரண பேரிங் இரண்டும், வெளிப்புறத்தில் வேறு மாதிரி பேரிங் ஒன்றும் உண்டு. அந்த ஐம்பது கிலோ இழுப்பைத் தாங்குவது இந்தக் கடைசி பேரிங். இரண்டு வட்டத் தகடுகள், நடுவில் உருண்டைகள். இவ்வளவுதான். நான் ஒரு தகட்டைப் போட்டு உருண்டைகளை வைத்து அடுத்த தகட்டை எடுக்கும்போது பையன் கையைப் பிடித்தான்.

"மாமா, இது ரெண்டும் ஒண்ணு இல்ல."

"ஒண்ணுதான்டா. பாரு, ஒரே அளவு."

"வெளியில ஒரே அளவு. ஓட்டை வேற."

அளவி வைத்துப் பார்த்தோம். பத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு தகட்டின் ஓட்டை சற்றுப் பெரியது. அது உட்பக்கம், நடுக்கட்டையை நோக்கி வரவேண்டும். அது பிடியோடு சேர்ந்து திரும்பும், தண்டைத் தொடக் கூடாது. சிறிய ஓட்டை உள்ளது வெளிப்பக்கம், திருகாணியின் பக்கம். அது தண்டோடு சேர்ந்து நிற்கும். மாற்றிப் போட்டால் கையில் ஒன்றும் தெரியாது. மேலே போய் இழுப்பு வந்த பிறகுதான் பிடி இறுகும், இறக்கை சொன்ன பேச்சைக் கேட்காது. கையேட்டைத் திருப்பினோம். அதில் அது எழுதியிருந்தது. நான் பொறியியல் வேலை பார்த்தவன். கண்டுபிடித்தவன் ஐந்தாம் ஆண்டு மாணவன். அந்த ஆண்டு அவன் வகுப்பில் பதினெட்டாவது.

ஐந்தாவது, பசை. திருகாணி கழலாமல் இருக்க ஒரு நீல நிறப் பசை இருக்கிறது. உலோகத்தில் போகும் உலோகத் திருகாணிக்கு மட்டும்தான் அது. பிளாஸ்டிக்கில் படக்கூடாது, பிளாஸ்டிக் வெடிக்கும். பேரிங்குக்குள் போகக் கூடாது, பேரிங் இறுகிவிடும். ஊசி முனையில் ஒரு துளி போதும். அதிகம் போட்டால் அதிகப் பாதுகாப்பு என்பது இங்கே செல்லாது. இரண்டு பக்கமும் அலன் கீ வைத்து ஒரே நேரத்தில் இறுக்கி, ஒரு நாள் முழுதும் தொடாமல் வைத்தோம். அந்த ஒரு நாள் பொறுத்ததுதான் பையனுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஆறாவது, பெரிய பற்சக்கரம். அதன் நடுவில் ஒரு வழி மட்டும் சுற்றும் பேரிங் இருக்கிறது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதே, அதே தத்துவம். மோட்டார் நின்றுபோனாலும் இறக்கைகள் தாமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். விழும் வேகத்தில் வரும் காற்றே அவற்றைச் சுழற்றும். அந்தச் சுழற்சியை வைத்துப் பத்திரமாக இறக்கலாம். மனிதர்கள் போகும் பெரிய ஹெலிகாப்டரிலும் இயந்திரம் நின்றால் விமானி இதைத்தான் செய்கிறார். பற்சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு இறக்கையைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் ஓட வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும்.

ஏழாவது, பல்லும் பல்லும் சேரும் இடம். இதற்கு என்ன கருவி தெரியுமா? உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு துண்டுத் தாள். மோட்டாரின் சின்னப் பல்லுக்கும் பெரிய பல்லுக்கும் நடுவில் தாளை வைத்து, மோட்டாரை நெருக்கி இறுக்க வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுத்தால், அதில் மடிப்பு மடிப்பாகத் தடம் இருக்கும். தாள் கிழிந்திருந்தால் இடைவெளி போதாது, பல் சூடேறித் தேயும். தடமே இல்லையென்றால் இடைவெளி அதிகம், பாரம் வரும்போது பல் உடையும். ஓர் இடத்தில் பார்த்தால் போதாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் சக்கரம் எப்போதும் முழு வட்டமாக இருப்பதில்லை.

கடைசியாக, இரண்டு இறக்கைகளையும் நிறுத்துப் பார்த்து, இலேசான இறக்கையில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிச் சமப்படுத்தினோம். முதலில் இறக்கை இல்லாமலே மோட்டாரை ஓட்டிச் சத்தம் கேட்டோம். பிறகு இறக்கையோடு தூர நின்று ஓட்டினோம். அதன் பிறகுதான் திடல். இந்த முறை பையனை எனக்குப் பின்னால், காருக்கும் அப்பால் நிறுத்தினேன். எழும்பியது. நின்றது. இறங்கியது. இறங்கியதும் இரண்டு பேரும் முதலில் செய்த காரியம், அலன் கீயை எடுத்துத் திருகாணியைத் தொட்டுப் பார்த்ததுதான்.

இப்படி மேசைமேல் சின்னதைக் கட்டிப் பார்த்தே பெரியதைக் கண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆர்தர் யங் என்பவர் 1928-ஆம் ஆண்டு ஹெலிகாப்டர் செய்வது என்று முடிவு செய்தார்.  பன்னிரண்டு ஆண்டுகள் மாதிரிகளைக் கட்டிக் கட்டிப் பார்த்தார். ஒரு பழைய பண்ணைக் களஞ்சியம்தான் பட்டறை. மாதிரிகள் எழும்பின, சாய்ந்தன, விழுந்தன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கிறதே, அந்தக் குணத்தை ரோட்டர் தலையிலேயே வைத்தால் என்ன என்று யோசித்து, இறக்கைகளுக்குக் குறுக்கே நுனியில் கனம் வைத்த ஒரு கம்பியைச் சுழலவிட்டார். மாதிரி அசையாமல் நின்றது. 1941-இல் அந்த மாதிரியை பெல் விமானக் கம்பெனியில் பறக்கவிட்டுக் காட்டினார். அதிலிருந்து பிறந்த பெல் 47, 1946 மார்ச் 8-ஆம் நாள் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆயிற்று. மாதிரி ஹெலிகாப்டர்களில் பல காலம் அந்தக் குறுக்குக் கம்பி இருந்தது. இப்போது அந்த வேலையைச் சின்ன மின்னணுக் கருவி பார்த்துக்கொள்கிறது.

இன்னொருவரைச் சொல்கிறேன். அவர் நம்மவர். தென்னிந்தியாவில் 1960-களில் ஒரு சிறுவன். வான்வெளி என்றால் உயிர். வீட்டுப் பெரியவர் ஒருவர் அமெரிக்கத் தூதரகத்துக்குச் சொல்லி நாசாவைப் பற்றிய புத்தகங்களை அனுப்பச் சொன்னார். ஒரு தடித்த உறை வந்தது. அந்தச் சிறுவன் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்கா சென்று, நாசாவின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பெயர் பாலராம். செவ்வாய்க் கிரகத்தில் ஹெலிகாப்டர் பறக்கவிடலாம் என்று 1990-களில் யோசனை சொன்னார். பணம் கிடைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் அந்தக் கோப்பு அலமாரியில் கிடந்தது. அவர் விடவில்லை. பிறகு வாய்ப்பு வந்தபோது அந்த ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளர் அவர்தான்.

இன்ஜெனியூட்டி என்ற அந்த ஹெலிகாப்டரின் எடை 1.8 கிலோ. இறக்கை 1.2 மீட்டர். அளவில் பார்த்தால் அதுவும் நம் மேசைமேல் இருப்பதற்கு அண்ணன்தான். செவ்வாயின் காற்று பூமியின் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்திதான் இருக்கும். ஆகவே நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கும் மேல் சுற்ற வேண்டும். பூமியிலேயே காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய கூடத்துக்குள் சோதித்துச் சோதித்துத் திருத்தினார்கள். அங்கே போன பிறகு யாராலும் திருகாணி இறுக்க முடியாதே! பறப்பதற்கு முன் இறக்கையை முழுவேகத்தில் சுழற்றிப் பார்க்கும் சோதனை பாதியில் நின்றது. உலகமே காத்திருந்தது. "பரவாயில்லை, பறக்கவிட்டுப் பார்ப்போம்" என்று சொல்லவில்லை. நாளைத் தள்ளிவைத்துச் சரிபார்த்தார்கள். 2021 ஏப்ரல் 19-ஆம் நாள் அது மூன்று மீட்டர் உயரம் எழும்பி, 39 விநாடி பறந்து இறங்கியது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது 72 முறை பறந்தது. 2024 ஜனவரி 18-இல் இறக்கை உடைந்ததோடு அதன் பணி முடிந்தது.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு வாருங்கள். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த கல்லூரி. அங்குள்ள 'தக்‌ஷா' மாணவர் குழு 2018-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர், மாதிரி ஹெலிகாப்டர் ஓட்டுவதில் ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமார். பார்த்தீர்களா, இப்போதுதான் பின் வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது!

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "தமிழ்ப்பள்ளியில படிச்சா இந்த மாதிரி மிஷினெல்லாம் புரியுமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. 1816-இல் இந்தப் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியபோதும் யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் கையேடு ஆங்கிலத்தில்தான் இருந்தது. பையன் அதைப் படித்தான். படித்ததை எனக்குத் தமிழில் சொன்னான். மரை, பல், அச்சு, தண்டு, பிடி, ஓட்டை. எந்தச் சொல்லுக்கும் அவன் திணறவில்லை. எல்லாம் பத்தர் மேசையிலும் சைக்கிள் கடையிலும் நம் அடுப்படியிலும் புழங்கும் சொற்கள். ஆங்கிலமும் மலாயும் கட்டாயம் படிக்கட்டும். ஆனால் புரிந்துகொள்ளும் வேலையைத் தாய்மொழி தடுக்கிறது என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

இன்று பரிசு வாங்கிய செல்வங்களே, மனமாரப் பாராட்டுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்தபோது என் ரோட்டர் தலை பளபளவென்று முழுதாக இருந்தது. அதைக் கழற்றிப் பார்க்காமல் நம்பினேன். உங்கள் பரிசுக் கோப்பையும் பளபளப்பாக இருக்கிறது. விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து, மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாடம் எது, புரிந்து வாங்கிய பாடம் எது என்று கழற்றிப் பாருங்கள். புரியாதது ஒன்றிரண்டு இருக்கும். வெட்கப்பட வேண்டாம். துடைத்து மறுபடியும் பூட்டுங்கள்.

இன்று மேடைக்கு வராத பிள்ளைகளே, உங்களில் யாருக்கு இரண்டு தகட்டின் ஓட்டையில் வித்தியாசம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எந்தத் தேர்விலும் அந்தக் கேள்வி வராது. ஆனால் தெரிந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். "மாமா, இது ரெண்டும் ஒண்ணு இல்ல" என்று பெரியவன் கையைப் பிடித்து நிறுத்துகிற தைரியம் வேண்டும். பெரியவர்களே, நிறுத்தினால் கோபப்படாதீர்கள். அளவியை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, நான் வெறுங்கையோடு வரவில்லை. இந்தப் பொட்டலத்தில், அன்றைக்கு நொறுங்கிய ஹெலிகாப்டரின் ரோட்டர் தலை, பல் உடைந்த பெரிய சக்கரம், வளைந்த தண்டு, கழன்ற அந்தத் திருகாணி, கையேடு, இரண்டு அலன் கீ எல்லாம் இருக்கின்றன. இனி இது பறக்காது. ஆகவே யாருக்கும் ஆபத்தில்லை. அறிவியல் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுங்கள், கோருங்கள், மறுபடியும் கழற்றுங்கள். தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தால் சனிக்கிழமை காலையில் நானும் வந்து உட்காருகிறேன். கூடவே என் தங்கை மகனும் வருவான். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். தகடு எந்தப் பக்கம் வரும் என்பதை அவனே காட்டுவான்.

தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் காதுத் தோட்டின் திருகாணியை ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.